ஏ.ஏ. கூட்டத்துக்கு ஏஜென்ட் எதற்கு?

கேள்வி: என் கணவர் 21 நாள் குடிமீட்பு சிகிச்சை முடிந்து வந்து பத்து நாள் ஆகிறது. டிஸ்சார்ஜ் சீட்டில் ‘ஏ.ஏ. கூட்டத்துக்குச் செல்லவும்’ என்று ஒரு வரி மட்டும் இருக்கிறது. எங்கே நடக்கிறது என்று தெரியவில்லை. தெரிந்த ஒருவர், 5,000 ரூபாய் கட்டினால் உறுப்பினராகச் சேர்த்துவிடுகிறேன் என்கிறார். கட்டலாமா? நானும் கூடப் போகலாமா? – கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். குடியை விட நினைப்பவர்களும் விட்டவர்களும் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் எனும் ஏ.ஏ. கூட்டத்தில் சேர்வதற்குக் கட்டணம் கிடையாது, விண்ணப்பம் கிடையாது, சிபாரிசும் வேண்டாம். குடியை நிறுத்த வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் போதும். முடிவில் ஒரு பை சுற்றி வரும். வாடகைக்கும் டீக்கும் உறுப்பினர்கள் தாங்களாகப் போடும் பணம் அது. புதிதாக வருபவர் போட வேண்டியதில்லை.

இந்த 5,000 ரூபாய் ஆள் அதோடு நிற்கமாட்டார். நாளைக்கு உங்கள் கணவர் ஒருநாள் குடித்துவிட்டால், “கூட்டமெல்லாம் சரிப்படாது, ராத்திரி வண்டி அனுப்புகிறேன், தூக்கிக்கொண்டு போய்க் குடிமீட்பு மையத்தில் சேர்த்துவிடலாம்” என்பார். ஆள் பிடித்துக் கொடுப்பதற்கு அவருக்குக் கமிஷன் உண்டு. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, ஒருவரை அவர் சம்மதமின்றிச் சேர்ப்பதற்கு முன் மனநல மருத்துவர் உள்பட இருவர் தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும். சங்கிலியால் கட்டிவைப்பது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. உரிமச் சான்றைக் காட்டாத மையத்தின் வாசலைக்கூட மிதிக்காதீர்கள். ‘அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்’ என்று விற்கும் பொடியும் இதே ரகம்தான். அதில், குடியை நிறுத்த மருத்துவர் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரையைப் பொடித்துக் கலந்திருந்து, அது தெரியாமல் அவர் குடித்தால் உயிருக்கே ஆபத்து.

இனி, கூட்டத்தைக் கண்டுபிடிக்கும் வழி. சிகிச்சை பெற்ற இடத்து ஆலோசகருக்கு முதலில் போன் செய்து, “அருகில் உள்ள குழுவின் தொடர்பு எண் வேண்டும்” என்று நேரடியாகக் கேளுங்கள். அந்த எண்ணைச் சீட்டிலேயே எழுதித் தர இரண்டு நிமிடம் ஆகாது. டாஸ்மாக் கடை எந்தத் தெருவில் என்று ஊருக்கே தெரிகிறது; கூட்டம் எந்தத் தெருவில் என்பதைச் சிகிச்சை கொடுத்தவர்கள்கூடச் சொல்லி அனுப்புவதில்லை. அங்கே பதில் இல்லையென்றால் 14446 என்ற கட்டணமில்லா போதைமீட்பு உதவி எண்ணில் கேளுங்கள். ஏ.ஏ.வின் இந்திய இணையதளத்திலும் ஊர்வாரியாகத் தேடலாம்.

பட்டியலை மட்டும் நம்பி பஸ் ஏறாதீர்கள். இடமும் நேரமும் மாறியிருக்கும், பட்டியல் மாறியிருக்காது. தொடர்பு எண்ணில் பேசி, என்றைக்கு, எத்தனை மணிக்கு, தமிழில் நடக்கிறதா, எந்தக் கேட் வழியாக உள்ளே வர வேண்டும் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். பெரும்பாலும் பள்ளிக்கூட அறையிலோ சர்ச் ஹாலிலோதான் கூடுவார்கள். வெளியே பெரிய போர்டு இருக்காது. அரைமணி நேரம் சுற்றிவிட்டுத் திரும்பி வருபவர்கள் மறுவாரம் போவதேயில்லை. “முதல்முறை வருகிறார், கேட்டில் யாராவது நிற்க முடியுமா?” என்று கேளுங்கள், சந்தோஷமாக நிற்பார்கள். சர்ச் ஹாலில் நடப்பதால் மதக்கூட்டமோ என்று பயப்பட வேண்டாம், இடம் மட்டுமே சர்ச்சுடையது.

கூட்டம் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் நடக்கும். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிட மாட்டார், புத்தி சொல்ல மாட்டார். உங்கள் கணவர் பேசாமல் உட்கார்ந்து கேட்டுவிட்டு வரலாம். முழுப்பெயரோ வேலையோ யாரும் கேட்கமாட்டார்கள். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள். வெறும் வயிறு குடி ஆசையைக் கிளப்பும். வழியில் கடை இருந்தால் சுற்றுவழியில் போகட்டும்.

‘திறந்த கூட்டம்’ என்றால் நீங்களும் உட்காரலாம். ‘மூடிய கூட்டம்’ குடிநோயாளிகளுக்கு மட்டும். குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு, அதையும் அதே எண்ணில் விசாரியுங்கள். வீடு திரும்பியதும் “உள்ளே என்ன பேசினீர்கள்?” என்று துருவாதீர்கள்.

ஓர் எச்சரிக்கை, இதில் மட்டும் அலட்சியம் வேண்டாம். இடையில் அவர் மறுபடி குடிக்கத் தொடங்கி, பல நாள் விடாமல் குடித்திருந்தால், “இன்றோடு நிறுத்திவிட்டுக் கூட்டத்துக்குப் போ” என்று சொல்லிவிடாதீர்கள். திடீரென நிறுத்திய சில மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் வரும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் இல்லாதது கண்ணில் தெரியலாம், நாள் கிழமை குழம்பலாம். இந்த நிலையில் உயிரே போகலாம். முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். கூட்டத்தில் மருத்துவம் கிடையாது. முதலில் அரசு மருத்துவமனை, வலிப்போ குழப்பமோ கண்டால் 108. உடம்பு தேறிய பிறகு கூட்டம்.

முதல் கூட்டம் பிடிக்கவில்லை என்று வந்து நிற்பார். நான்கைந்து முறையாவது போன பிறகு முடிவு செய்யட்டும். வேறு குழு இருந்தால் அதையும் பார்க்கட்டும். வாரம் ஒருமுறைதான் நடக்கிறது என்றால் இடைப்பட்ட நாள்களுக்குத் தமிழில் ஆன்லைன் கூட்டம் உண்டா என்று குழுவில் விசாரிக்கலாம். முதல் நாளே இரண்டு பேருடைய போன் எண்ணை வாங்கிக்கொண்டு, அடுத்த கூட்டத்துக்குள் அவர்களில் ஒருவருக்காவது அவரே போன் செய்யட்டும். நீங்கள் செய்து கொடுக்காதீர்கள்.