பயிற்சி கொடுத்தும் ஆசிரியர்கள் வகுப்பில் கணினியைத் தொடுவதில்லை. என்ன செய்யலாம்?

காட்பாடிப் பக்கம் ஒரு பள்ளியின் நிர்வாகத்தில் இருப்பதாகவும், புரொஜெக்டரும் இணைய இணைப்பும் இருந்தும், ஒருநாள் பயிற்சி வைத்தும், பழையபடி சாக்பீஸ்தான் ஓடுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஸ்மார்ட் போர்டு வாங்கினால் மாறுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போர்டைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

வேலூர் மாவட்டம் 2019-ல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிவதற்கு முன்பும் பின்பும் ஆசிரியர் பயிற்றுநராக இருந்தவன் நான். நீங்கள் வைத்தது போன்ற ஒருநாள் பயிற்சிகளை நானே ஏகப்பட்டது நடத்தியிருக்கிறேன். பலன் எப்படி இருக்கும் என்று எனக்கும் நன்றாகத் தெரியும்.

2018-ல் 1, 6, 9, 11-ஆம் வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள் வந்தன. பக்கத்தில் க்யூஆர் கோடு. தீக்ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான வீடியோ வரும். நாற்பது ஆசிரியர்களை ஒரு அறையில் உட்காரவைத்து எல்லோரையும் ஒரே நேரத்தில் செயலியை இறக்கச் சொன்னேன். என் போனின் ஹாட்ஸ்பாட் அத்தோடு படுத்துவிட்டது. “சுத்திக்கினே கீது சார்” என்று நாலாபக்கமும் குரல். எப்படியோ சாயங்காலத்துக்குள் முடித்துக் கையெழுத்து வாங்கினேன். கிளம்பும்போது ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்த ஒரு ஆசிரியர் கேட்டார்: “எல்லாம் சரி தம்பி. நாளைக்கு மொத பீரியடு ஆறாங்கிளாஸ் சயின்ஸ். உள்ள போயி நான் மொதல்ல எதைத் தொடணும்?”

என்னிடம் பதில் இல்லை. செயலியைக் காட்டினேனே தவிர, அவருடைய மறுநாள் பாடத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்குப் பிறகு கூட்டம் போடுவதைக் குறைத்துவிட்டுப் பள்ளிக்கே போக ஆரம்பித்தேன். “எந்தப் பாடம் நடத்தும்போது பிள்ளைங்க முகம் வெறிச்சுன்னு ஆயிடுது?” என்று மட்டும் கேட்பேன். இதற்குப் பதில் சொல்ல எந்த ஆசிரியரும் யோசித்ததே இல்லை. பின்னம், பூமியின் சுழற்சி, மின்சுற்று என்று டக்கென்று வரும்.

குடியாத்தம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளி டீச்சர் சொன்னது மின்சுற்று. தொடரிணைப்பு, பக்க இணைப்பு என்று எழுதிப் போட்டால் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள், ஆனால் ஒன்றும் புரிவதில்லை என்றார். ஃபெட் (PhET) என்று ஒரு இணையதளம் இருக்கிறது. இயற்பியல் நோபல் பெற்ற கார்ல் வீமன், அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-ல் தொடங்கியது. அறிவியல், கணக்கு இரண்டுக்கும் இலவசச் செயல்விளக்கங்கள், சில தமிழிலேயே கிடைக்கும். புதிய வடிவில் உள்ளவற்றை வீட்டிலேயே இறக்கிப் பென்டிரைவில் கொண்டுபோனால் இணையமே இல்லாமல் பிரௌசரில் ஓடும். பள்ளி இணைப்பை நம்பிப் பாடம் திட்டமிடாதீர்கள் என்று நான் ஓயாமல் சொல்வதற்கு அந்த ஹாட்ஸ்பாட்தான் காரணம்.

முதலில் நிஜமான பேட்டரி, டார்ச் பல்பு, ஒயர். பல்பு எரிந்த பிறகுதான் லேப்டாப். இந்த வரிசை மாறக்கூடாது என்பது என் பிடிவாதம். திரையில் ஒயருக்குள் சின்னச் சின்ன உருண்டைகளாக எலக்ட்ரான்கள் நகர்கின்றன. ஒரு பையன் எழுந்தான். “டீச்சர், ஒயரை அறுத்தா அதெல்லாம் கீழ கொட்டிடுமா?” டீச்சர் கடைசி பெஞ்சில் இருந்த என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்துக்கொண்டேன். அவரே திரையில் இருந்த கத்தரிக்கோலை அழுத்தி இணைப்பைத் துண்டித்தார். பல்பு அணைந்தது. உருண்டைகள் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டன.

“கொட்டல!” என்று கத்தினார்கள். அந்தப் பையன் மட்டும் உட்காரவில்லை. “அப்ப பேட்டரியிலேந்து வரல, ஒயர்லயே முன்னாடியே கீதா?”

பட்டப்படிப்பில் இயற்பியல் படித்த எனக்கே யாரும் அந்தக் கேள்வியை அப்படி எடுத்துக்கொடுத்ததில்லை. ஆமாம், கம்பியில் ஏற்கனவே இருப்பதுதான், பேட்டரி அதை நகர்த்துகிறது என்று டீச்சர் சொன்னார். நிஜத்தில் அது இப்படி உருண்டையாக இருக்காது, நமக்காக வரைந்து காட்டியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னார். இதைச் சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் உருண்டையையே உண்மை என்று எடுத்துக்கொள்வார்கள். அந்த வாரமே அடுத்த பாடத்துக்கு என்ன இருக்கிறது என்று அவரே போன் செய்தார்.

எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை. ஒரு சமூக அறிவியல் ஆசிரியர் கூகுள் எர்த்தில் பாலாற்றைக் காட்ட நினைத்தார். பழைய வருடங்களின் செயற்கைக்கோள் படங்களும் அதில் உண்டு. வறண்டு வெள்ளை மணலாகக் கிடக்கும் பாலாற்றைக் காட்டி, 2021 நவம்பரில் அதே ஆறு கரைபுரண்டதைப் பேசவைப்பது திட்டம். ஆனால் “சார், எங்க வூட்டு மாடி கீது!” என்று ஆளாளுக்குத் தங்கள் தெருவைத் தேடியே இருபது நிமிடம் போய்விட்டது. “பீரியடே வீணாப் போச்சு” என்று அவருக்கு என்மேல் கோபம். அடுத்த முறை வீடு தேடுவதற்கென்றே முதல் பத்து நிமிடத்தை ஒதுக்கினோம். ஆற்றுப் படங்களை முந்தைய இரவே சேமித்துவைத்துக்கொண்டோம்.

சிக்னலே எட்டாத மலைப் பள்ளிகளுக்கு ஸ்டெல்லேரியம் என்ற வானம் காட்டும் மென்பொருளைக் கொண்டுபோவேன். இலவசம், இணையம் வேண்டாம். ஊரைக் குறித்துவிட்டால் அன்றிரவு வானம் திரையில் வரும். யுரேனஸின் வளையங்கள் 1977-ல் கண்டறியப்பட்டபோது அந்த நிகழ்வை நம் ஜவ்வாது மலைக் காவலூர் வானாய்வகத்திலிருந்தும் பதிவு செய்தார்கள் என்று சொன்னால் மலைப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

வீடியோ என்றால் மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஒலியை அணைத்துவிட்டு ஆசிரியர் தன் வாயாலேயே விளக்கட்டும். பிள்ளைகளுக்குப் பழகிய குரல் அதுதான். யூடியூபை நேரடியாக ஓட்டவே ஓட்டாதீர்கள். சிறுநீரகப் பாடத்தின் நடுவில் ரம்மி விளம்பரம் வந்து வகுப்பே சிரித்ததைப் பார்த்தவன் நான்.

அந்தச் சிரிப்புதான் முக்கியம். ஆசிரியர்களுக்குச் சோம்பல் என்று நிர்வாகம் நினைக்கிறது. நான் பார்த்தவரை அது கூச்சம். கேபிள் எங்கே சொருகுவது என்று தெரியாமல் நாற்பது பிள்ளைகள் முன்னால் திணறுவது இருபது வருடம் கௌரவமாகப் பாடம் நடத்தியவருக்குச் சாதாரண விஷயமில்லை. அதனால் எட்டாம் வகுப்புப் பெண்கள் இரண்டு பேரிடம் ஒயர் வேலையைக் கொடுத்துவிடுங்கள், ஒரே நாளில் பழகிவிடுவார்கள். ஆசிரியருக்கு ஒரே ஒரு பாடம், ஒரே ஒரு கருவி. முதல் நாள் துணைக்கு ஒருவர் கடைசி பெஞ்சில் உட்காரவேண்டும், பத்து நாள் கழித்துத் திரும்பவும் போகவேண்டும். நான் இரண்டாம் முறை போகாத பள்ளிகளில் லேப்டாப் பீரோவுக்குள் போய்விட்டது.

ஸ்மார்ட் போர்டு இப்போதைக்கு வேண்டாம். நீளமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று, ஜன்னலுக்கு அடர்நிறத் திரை வாங்குங்கள். வேலூர் வெயிலில் ஜன்னல் திரை இல்லாமல் புரொஜெக்டர் போட்டால் சுவர்தான் தெரியும். குடியாத்தத்து லுங்கி நான்கை ஒட்டுப்போட்டுத் தைத்துத் தொங்கவிட்ட பள்ளி ஒன்று உண்டு. கட்டம் போட்ட இருட்டு, ஆனால் படம் பளிச்சென்று தெரிந்தது.