மடி ஒரு தடவைதான் கரையேறும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

குளச்சலில் பதினைந்து வருஷமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறேன். சில குறும்படங்களுக்கும் ஒளிப்பதிவு செய்திருக்கிறேன். இப்போது கரமடிக்காரர்களைப் பற்றி, அதாவது மடி என்கிற வலையைக் கரையில் நின்று இழுக்கும் மீனவர்களைப் பற்றி, ஓர் ஆவணப்படம் இயக்க ஆசை. இயக்குநர் ஆனால் கேமராவை வேறு ஆளிடம் கொடுத்துவிட வேண்டும் என்கிறார்கள் நண்பர்கள். சரியா? ஒரு டிரோன் ஷாட் அனுப்பியிருக்கிறேன்.

(பெயர் வேண்டாம்), குளச்சல்

அன்புள்ள தம்பி,

ஷாட் பார்த்தேன். விடியற்காலை, இரண்டு பக்கமும் கயிறு, நடுவில் வில் மாதிரி மடி, நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் இழுப்பவர்கள் எறும்பாகத் தெரிகிறார்கள், என்ன பேசிக்கொண்டு இழுக்கிறார்கள் என்று எப்படித் தெரியும்?

கேமராவைக் கொடுக்காதீர்கள். ஆர்.வி. ரமணி 1985இல் புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து முடித்தவர், ஆவணப்பட இயக்குநர் ஆன பிறகும் கேமராவைக் கீழே வைக்கவில்லை. அவருடைய கேமரா ஒன்று சுனாமியில் போனது, அதில் கடைசியாக எடுத்ததும் மீளவில்லை. அந்தக் கேமராவைப் பற்றியே 2011இல் ‘மை கேமரா அண்ட் சுனாமி’ என்று படம் எடுத்தார். (2004 டிசம்பர் 26 பற்றி குளச்சல்காரருக்கு நான் சொல்ல வேண்டாம்.) ஆவணப்படத்தில் எங்கே நிற்பது, எப்போது நிறுத்துவது எல்லாம் அந்த நிமிஷத்தில் முடிவாகிற காரியம், பின்னாலிருந்து ஒருவர் தோளைத் தட்டிச் சொல்வதற்குள் போய்விடும்.

உங்கள் சிக்கல் வேறு. “மாப்பிள்ளை, மாலையை இன்னொருக்கா போடுங்க” என்று பழகிய கை. மடி ஒரு தடவைதான் கரையேறும். முட்டம் பக்கம் ஒரு நண்பரோடு போயிருந்தேன், தேர்ந்த ஒளிப்பதிவாளர். நுரை, கயிறு, நரம்பு புடைத்த கைகள் எல்லாம் எடுத்தார். மடி வந்தது, உள்ளே சொறியும் (ஜெல்லி மீன்) கொஞ்சம் நெத்திலியும். அவ்வளவுதான் என்று கேமராவை அணைத்துவிட்டார். அப்புறம்தான் அந்த அரைக்கூடை மீனை எப்படிப் பங்கு வைப்பது என்று இழுத்தவர்களுக்குள் அரைமணி நேரம் வாக்குவாதம், கடைசியில் ஒரு பெரியவர் தன் பங்கு வேண்டாம் என்று வலையை உதறப் போய்விட்டார். படமே அதுதான், அவரிடம் அது இல்லை.

சத்தத்துக்குத் தனியாக ஓர் ஆள் வையுங்கள். கேமரா மைக்கை நம்பினால் கடற்கரையில் காற்றிரைச்சல் மட்டும்தான் மிஞ்சும். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் எடிட்டிங்கைக் கொடுங்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று எடுத்ததை வெட்ட உங்களுக்கு மனசு வராது. எடிட்டர் முதலில் அந்த டிரோன் ஷாட்டில்தான் கைவைப்பார், சண்டைக்குப் போகாதீர்கள்.

அடுத்த தடவை வெட்டாமல் ஒரு மணி நேரம் ஓடியதை அப்படியே அனுப்புங்கள், பார்க்கிறேன்.