எட்டுக்கால் பூச்சி பற்றிக் கேட்டீர்கள்: சுங்கை சிப்புட்டிலிருந்து பதில்கள்

இங்கே மலேசியாவில், தோட்டத்தில் வளர்ந்தவன் நான். இருபது வருடமாகச் சிலந்திகளைத் தேடிப் படம் எடுக்கிறேன். வந்த கேள்விகளைச் சுருக்கி, கீழே பதில் எழுதியிருக்கிறேன்.

லயன் வீட்டுச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி, வெள்ளை வட்டு ஒன்றைச் சுமந்துகொண்டு நிற்கிறது. மருந்து அடிக்கட்டுமா?

வேண்டாம் அக்கா. அது வலை பின்னாத வேட்டைச் சிலந்தி. அந்த வட்டு முட்டைப் பை. உங்கள் வீட்டுக் கரப்பான்களைத் தின்பதே அதுதான். பயமாக இருந்தால் ஒரு டப்பாவைக் கவிழ்த்து, அடியில் கெட்டி அட்டையைச் செருகி வெளியே விடுங்கள். கையால் நசுக்கிப் பிடித்தால் கடிக்கும், வலிக்கும்.

மகன் கழுத்தில் ஒரே இரவில் தீப்பட்டதுபோல் கோடாகக் கொப்புளம். எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பெய்துவிட்டது என்கிறார் மாமியார்.

இந்தப் பழியைத்தான் நான் அதிகம் கேட்கிறேன். சிலந்திக்கு நம்மைப் போல் மூத்திரம் கிடையாது. அதன் கழிவு வெள்ளையாகக் கெட்டிப்படும் குவானின், தண்ணீரில்கூட எளிதில் கரையாது. தோல் எப்படி வெந்துபோகும்?

நீங்கள் சொல்வது பெரும்பாலும் சார்லி பூச்சியின் வேலை. எறும்பு போல் மெலிந்தது. ஆரஞ்சும் கறுப்பும் மாறிமாறி இருக்கும், நீளம் ஒரு சென்டிமீட்டருக்குள். இரவில் விளக்குக்கு வரும். அது கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. தூக்கத்தில் கழுத்தில் ஊர்வதைத் தேய்த்து நசுக்கிவிடுகிறோம், உடம்பில் உள்ள நச்சு கை போன வழியெல்லாம் பரவுகிறது. அதனால்தான் கோடு. முழங்கை மடிப்பில் பட்டால், கை மடங்கி ஒட்டும் இடத்திலும் அதே அச்சு விழும். அடுத்த முறை ஊதித் தள்ளுங்கள், பட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண் பக்கம் பட்டால் கிளினிக்.

எங்கள் பாட்டி காவியில் அக்கி எழுதியே குணமாக்கினார். படித்துவிட்டால் அதெல்லாம் பொய்யா, தம்பி?

பாட்டியைப் பொய் என்று சொல்லவில்லை, ஐயா. அக்கி தானாகவே சில வாரங்களில் காயக்கூடியது. அதன் காரணம் சிறுவயதில் வந்த சின்னம்மைக் கிருமி. நரம்பில் பதுங்கி இருந்து வயதான பிறகு எழும்புகிறது, அதனால்தான் உடம்பின் ஒரு பக்கம் மட்டும் வருகிறது. கொப்புளம் எழும்பிய 72 மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்கினால் நல்ல பலன். காவி எழுதுங்கள், ஆனால் அதற்காக டாக்டரைத் தள்ளிப்போடாதீர்கள்.

பாயில் சிலந்தி இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். அப்புறம் என்ன ஆதாரம் வேண்டும்?

பாயில் சிலந்தி இருந்தது உண்மை, கொப்புளமும் உண்மை. ஒன்றால் மற்றது வந்தது என்பதை நீங்கள் பார்க்கவில்லை. திருவானைக்காவில் லிங்கத்தின் மேல் சருகு விழாமல் வலை பின்னிய சிலந்தியே மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்று கோயிலில் கேட்டு வளர்ந்த நாம், வீட்டில் அதைக் கண்டதும் செருப்பைத் தூக்குகிறோம். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம்.

விஷமா? (நான்கு பேர், நான்கு படங்கள்)

ஏறக்குறைய எல்லாச் சிலந்திக்கும் விஷம் உண்டு, பூச்சியைக் கொல்வதற்கு. நான்கு படத்தில் உள்ளவையும் உங்களைக் கொல்லாது. இதே கேள்வியோடு இனி படம் அனுப்ப வேண்டாம்.

செம்பனைக் காட்டில் மோட்டாரில் போனால் முகத்தில் மஞ்சள் வலை ஒட்டுகிறது.

பொன்வலைச் சிலந்தி. பெண்ணின் உடல் மட்டும் 5 சென்டிமீட்டர் வரை வளரும். வலை ஓரத்தில் அரிசி அளவில் ஒன்று இருந்தால் அது ஆண். கொஞ்சம் குனிந்து போங்கள்.

குளியலறையில் பாம்பு வந்தால்?

என் துறை இல்லை. 999க்கு அழையுங்கள்.

சுண்ணாம்பு மலை அடியில், மண் சுவரில் சின்ன மூடி ஒன்றைப் பார்த்தேன். சுற்றிலும் ஏழெட்டு வெள்ளை இழை. அது என்ன?

தம்பி, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். அது லிஃபிஸ்டியஸ் என்ற சிலந்தி. மண்ணையும் தன் பட்டு இழையையும் குழைத்துக் கதவு செய்து பொந்தில் வாழ்வது. அந்த இழைகள் தந்திக் கம்பி மாதிரி: பூச்சி ஒன்றில் கால் தட்டினால் உள்ளே அதிர்வு போகும், கதவு திறக்கும், இரை உள்ளே போய்விடும். வெளியே வந்தால் முதுகைப் பாருங்கள், வயிற்றின் மேல் வரிசையாகத் தகடுகள். மற்றச் சிலந்திகளில் பெரும்பாலும் மறைந்துபோன அடையாளம் அது. இந்த வம்சம் ஏறக்குறைய 30 கோடி ஆண்டுப் பழமையானது. பத்துமலைக் குகையின் பெயரைத் தாங்கிய இனத்துக்கு 1923இல் அறிவியல் பெயர் வைத்தார்கள்.

பெண் பல வருடம் வாழ்ந்தாலும் பொந்தை விட்டு அதிகம் நகராது. மலையைக் குவாரிக்காக உடைத்தால் அதற்குப் போக இடமில்லை. சேகரிப்பவர்கள் நாலு பெண்களைத் தோண்டி எடுத்தால் அந்தச் சுவரே காலியாகலாம். ஆகவே ஒன்று சொல்கிறேன்: படம் போடுங்கள், இடத்தைப் போடாதீர்கள். மலையின் பெயர், சாலை, மைல்கல் எதுவும் வேண்டாம்.

மகன் டாரண்டுலா (வீட்டில் வளர்க்க விற்கும் பெரிய மயிர்ச் சிலந்தி) வாங்கித் தரக் கேட்கிறான்.

காட்டில் பிடித்ததை வாங்காதீர்கள். அவனை ஒரு ராத்திரி டார்ச் விளக்கோடு என்னிடம் அனுப்புங்கள்.

லிஃபிஸ்டியஸ் கதவைக் குச்சியால் திறந்து பார்க்கலாமா?

கூடாது. இழையைக்கூடத் தொடாதீர்கள். இருட்டியபின் சிவப்பு விளக்கோடு இரண்டடி தள்ளி உட்காருங்கள். அரை மணி நேரத்தில் கதவு நகம் அளவுக்குத் தூக்கும், முன்னங்கால் நுனிகள் தெரியும்.