வாசகர் கேள்விகள்: எண்ணூர் ஆயிலும் காசிமேட்டு மீனும்

சென்னைக்கு வடக்கே எண்ணூர்க் கழிமுகத்தில் 2023 டிசம்பரில் எண்ணெய் கலந்தது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம். ஒரே மாதிரி கேட்டவர்கள் கோபிக்க வேண்டாம்.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மா, "எண்ணூர் மீன்" என்று சொன்னால் யாரும் கூடையை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. இப்போது எல்லாவற்றையும் "காசிமேட்டு மீன்" என்றே விற்கிறார். உண்மையில் சாப்பிடலாமா? (வாசகி, திருவொற்றியூர்)

அந்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். ஊர் பேரைச் சொன்னாலே முகம் சுளித்தால் அவர் வேறு என்ன செய்வார்?

விஷயத்துக்கு வருவோம். எண்ணெய் கலந்த அந்த நாட்களில் கழிமுகத்து மீனைத் தொடாமல் இருந்தது சரிதான். ஆனால் மீனுக்கு ஈரல் இருக்கிறது, உடம்பில் சேரும் எண்ணெய்ச் சரக்கைப் பெருமளவு உடைத்து வெளியே தள்ளிவிடும், தண்ணீர் தெளிந்தால் மீனும் கொஞ்ச நாளில் தெளிந்துவிடும். மட்டி, ஆளி வகைகள்தான் சிக்கல். அவை தண்ணீரை வடிகட்டித் தின்பவை, உடைக்கும் திறமையும் குறைவு, அதனால் வாங்கியதை உள்ளேயே வைத்திருக்கும். எண்ணூர் ஆற்று மட்டி என்றால் நான் வாங்க மாட்டேன். எண்ணெய் இல்லாவிட்டாலும் அந்த ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பலும் ஆலைக் கழிவும் இருப்பது வேறு கதை. படகில் கடலுக்குள் போய்ப் பிடித்த மீன் என்றால் யோசிக்காமல் வாங்கலாம்.

சந்தேகமாக இருந்தால் செவுளைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். மண்ணெண்ணெய் வாடை வந்தால் வேண்டாம். மஞ்சளும் உப்பும் போட்டு எத்தனை தண்ணீர் கழுவினாலும் போகாது, குழம்பு கொதிக்கும்போது வாடை இன்னும் தூக்கும்.

2017-ல் கப்பல் மோதியது, எண்ணெய் கொட்டியது, புரிகிறது. 2023-ல் எந்தக் கப்பலும் மோதவில்லையே, எண்ணெய் எங்கிருந்து வந்தது? (வாசகர், மதுரை)

பலர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். 2017 ஜனவரி 28 விடியற்காலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே, எரிவாயுவை இறக்கிவிட்டுக் கிளம்பிய பிடபிள்யூ மேப்பிள் என்ற கப்பலும் பெட்ரோலியச் சரக்கோடு உள்ளே வந்த டான் காஞ்சிபுரம் என்ற கப்பலும் மோதிக்கொண்டன. கசிவே இல்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். அப்புறம் ஒன்றிரண்டு டன் என்றார்கள், அப்புறம் கணக்கு ஏறிக்கொண்டே போனது. எர்ணாவூர் பாறைகளுக்கு நடுவே அது தார் மாதிரி சேர்ந்து நின்றது. உறிஞ்சக் கொண்டுவந்த இயந்திரங்களுக்கு அந்தக் கெட்டி ஒத்துவரவில்லை, கடைசியில் வாளிதான். கல்லூரிப் பிள்ளைகளும் மீனவர்களும் வரிசையில் நின்று கைமாற்றி அள்ளினார்கள்.

2023 டிசம்பரில் எண்ணெய் கடல் பக்கமிருந்து வரவில்லை, ஊர்ப் பக்கமிருந்து வந்தது. மிக்ஜாம் புயல் மழையில் மணலி வட்டாரம் மூழ்கியது. வெள்ளத்தோடு எண்ணெயும் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலையாற்றில் கலந்து, முகத்துவாரம் வரை போனது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கை காட்டியது மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையை. வழியில் இருந்த வீடுகளுக்குள்ளும் எண்ணெய் புகுந்தது, வெள்ளம் வடிந்த பிறகு சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கறுப்புக் கோடு. முகத்துவாரத்தைச் சுற்றிச் சுமார் 20 சதுர கிலோமீட்டருக்கு எண்ணெய் பரவியிருந்ததைக் கடலோரக் காவல்படை வானத்திலிருந்து பார்த்துச் சொன்னது. இந்த முறையும் முதலில் இறங்கி அள்ளியது காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம் மாதிரி ஊர்க்காரர்கள்தான். கையில் பிளாஸ்டிக் மக், காலில் ஒன்றும் இல்லை.

கடல் எவ்வளவு பெரியது! ரசாயனம் தெளித்தால் கரைந்து போகாதா? (வாசகர், சேலம்)

கரையாது, துளித்துளியாகப் பிரிந்து கீழே இறங்கும். ஆழ்கடலில் அதற்கு ஒரு நியாயம் உண்டு. இடுப்பளவு தண்ணீர் ஓடும் கழிமுகத்தில் கீழே என்றால் சேறு, அதாவது இறாலும் நண்டும் இருக்கிற இடம். அலையாத்தி மரங்கள் சேற்றுக்கு மேலே நீட்டும் மூச்சுவேர்களில் எண்ணெய் பூசிக்கொண்டால் மரம் மூச்சு முட்டும், சேற்றுக்குள் போனது வருடக்கணக்கில் கிடக்கும். மிதவைத் தடுப்பை முதல் நாளே முகத்துவாரத்தில் கட்டியிருந்தால் கொஞ்சமாவது நின்றிருக்கும், அது வந்து சேர நாளாகிவிட்டது.

அரசு நிவாரணம் கொடுத்ததே, அப்புறமும் ஏன் புலம்புகிறார்கள்? (வாசகர், கோவை)

புலம்பல் என்று நீங்கள் சொல்வதைக் கணக்காகப் பார்ப்போம். 2023 கசிவுக்கு அரசு அறிவித்தது மொத்தம் 8.68 கோடி ரூபாய்: 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500, 787 படகுகளுக்குத் தலா 10,000, பாதிக்கப்பட்ட மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500. அந்த 12,500-ஐ ஒரு மாதத்துக்கு வகுத்தால் நாளுக்கு 417 ரூபாய். தொழிலுக்குப் போகாத நாட்கள் ஒரு மாதத்தோடு நிற்கவில்லை, போய்வந்த பிறகும் மீனைக் கேட்க ஆள் இல்லை.

வலையை யாரும் நினைப்பதில்லை. நான் போயிருந்தபோது ஒரு பெரியவர் நைலான் வலையை மண்ணெண்ணெயில் நனைத்துக் கண்ணி கண்ணியாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். அரை நாளில் ஒரு முழம்கூடச் சுத்தமாகவில்லை, விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்திருந்தது. "விடு தம்பி, இத தூக்கிப் போட்டாலும் போட எடம் இல்ல" என்றார்.

இன்னொன்று. படகும் வலையும் இல்லாமலே அங்கே ஒரு தொழில் உண்டு. கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, பிடித்ததைப் போடும் பனையோலைக் கூடையான பறியை வாயில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள், பெண்களும்தான். படகு சேதத்துக்குப் பணம் உண்டு என்கிறார்களே, இவர்களுக்குப் படகு என்பது அவரவர் உடம்பு. எண்ணெய் மிதக்கிற தண்ணீரில் அந்தப் பறியை எப்படி வாயில் கவ்வுவது என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள் சார்.

மறுபடி நடந்தால் நாங்கள் உடனே செய்ய வேண்டியது என்ன? வாளியை எடுப்பதைத் தவிர. (மீனவர், பழவேற்காடு பக்கம்)

வாளியைக் கடைசியில் எடுங்கள் அண்ணே, அதுவும் கையுறை, பூட்ஸ் கொடுத்தால் மட்டும். முதலில் கடலோரக் காவல்படைக்கு 1554-ல் சொல்லுங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். போனில் தேதி தெரிகிற மாதிரி படம் எடுங்கள். வலை, படகு, கரை எல்லாவற்றையும், கழுவுவதற்கு முன்னால். பாழான வலையை உடனே எரித்துவிடாதீர்கள், எண்ணிப் பார்த்து எழுத ஆள் வரும் வரை கிடக்கட்டும். ஏலத்தில் போட்ட துண்டுச்சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள், முன்பு எவ்வளவு மீன்பாடு கிடைத்தது என்று காட்ட வேறு வழி இல்லை.

அப்புறம் ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் எண்ணெய் எடுத்து மூடி, இடம், நாள், நேரம் எழுதி ஒட்டுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், எண்ணெயோடு சேர்ந்து ஆய்வைக் கெடுக்கும். இது யாருடைய எண்ணெய் என்று தகராறு வரும்போது ஆய்வகத்தில் ஒப்பிட்டுச் சொல்ல முடியும். ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது. பாட்டிலை நிழலில் வையுங்கள், அடுப்படியில் மட்டும் வேண்டாம்.