சாப்பிட்டாச்சா, அப்புறம்?

(வாசகர் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்பவர் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் பேராசிரியை. மகன் ஜெர்மனியில், மகள் ஐதராபாத்தில்.)

கே: மகன் வேலைக்கு வெளியூர் போய்விட்டான். போன் செய்தால் ‘சாப்பிட்டியா, தூங்கினியா’வுக்கு மேல் பேச்சு ஓடவில்லை. ‘சரிம்மா, வைக்கட்டா’ என்கிறான். நீங்கள் பிள்ளைகளிடம் என்னதான் பேசுவீர்கள்?
– ஒரு வாசகி, விருதுநகர்

ப: எங்கள் கல்லூரியில் மதிய இடைவேளையில் வராந்தாவில் நடந்து பாருங்கள். விடுதிப் பிள்ளைகள் தூணுக்கு ஒருத்தியாகச் சாய்ந்து நின்று, ‘சாப்ட்டேம்மா… ம்… சாம்பார்தான்… ம்… சரி, வைக்கேன்’ என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். போனை வைத்த கையோடு பக்கத்தில் நிற்பவளிடம், அந்தச் சாம்பாரில் என்ன மிதந்தது என்று ஆரம்பித்து மணி அடிக்கும் வரை கதை நடக்கும். பேச விஷயம் இல்லாமல் இல்லை. கேள்வி கேட்டால் பிள்ளைகள் பதிலோடு நிறுத்திக்கொள்வார்கள். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் காலம் காலமாக நான் பார்ப்பது அதைத்தான்.

அதனால் நான் கேட்பது குறைவு, சொல்வது அதிகம். ஜெர்மனிக்கும் நமக்கும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரம், கோடையில் மூன்றரை மணி நேரம் வித்தியாசம். ராத்திரி ஒன்பதரைக்குக் கூப்பிட்டால் அவன் வேலை முடிந்து வெளியே வருகிற நேரம். ‘வண்ணார்பேட்டையில மறுபடியும் ரோட்டைத் தோண்டிட்டான்டா’ என்பேன். ‘ஆத்துல தண்ணி வந்து குறுக்குத்துறைக் கோயில் முங்கிட்டு’ என்பேன். அவன் தானாகவே அவன் ஊர் டிராமில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்துவிடுவான். அப்பாவைப் பற்றி ஒரு புகார் சேர்த்துக்கொண்டால் இன்னும் பத்து நிமிஷம் ஓடும். மகளிடம் இது செல்லாது. அவளுக்குச் சொந்தக்காரர் வீட்டு வம்பு வேண்டும். அதிலும் நமக்குப் பஞ்சமில்லை.

ஒரு விதிவிலக்கு சொல்கிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது நினைவிருக்கும். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கமெல்லாம் தண்ணீர். எங்கள் தெரு மேடு, வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. ஆனால் கரண்டும் சிக்னலும் போய்விட்டன. லைன் கிடைத்ததும் மகன் கேட்ட முதல் கேள்வி, ‘சாப்ட்டியாம்மா?’ ‘ம், சாப்ட்டேன்’ என்றேன். அதற்கு மேல் எனக்கும் பேச வரவில்லை.

கே: உங்களுக்கென்ன மேடம், வகுப்பு நிறையப் பிள்ளைகள். சொந்தப் பிள்ளைகள் தூரத்தில் இருக்கிற குறையே தெரியாதே?
– ஒரு வாசகர், கோவில்பட்டி

ப: கல்லூரி விழாவில் மைக் பிடிக்கிற எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை.

முதலாண்டில் முக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு பெண் வருகிறாள். தண்டைக் குறுக்கே வெட்டிப் பார்க்கிற செய்முறை வகுப்பில், மற்றவர்கள் பிளேடால் சுண்டைக்காய் நறுக்குவதுபோல் நறுக்கிக்கொண்டிருக்க, இவள் வெட்டுகிற துண்டு தண்ணீரில் விழுந்தால் கண்ணுக்கே தெரியாது, அவ்வளவு மெல்லிசு. மெல்லிய இலையை வெட்டுவதென்றால் கேரட் துண்டைப் பிளந்து நடுவில் வைத்துப் பிடிக்கச் சொல்வோம். அவளுக்குக் கேரட்டே வேண்டியதில்லை. சாஃப்ரனின் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தால், தண்ணீர் கடத்துகிற சைலம் சிவப்பாக, ஒரு கிழிசல் இல்லாமல் நிற்கிறது. எங்கே பழகினாய் என்று கேட்டேன். ‘லீவுல அம்மாகூட பீடி எல வெட்டுவேன் மேம்’ என்றாள். தகட்டை வைத்து அளவு பிசகாமல் கத்தரித்த கை.

அவளுக்கு அம்மா இருக்கிறாள். பீடி சுற்றித்தான் படிக்க வைக்கிறாள். அந்த இடத்தில் நான் போய் உட்காருவதற்கு என்ன இருக்கிறது? அவள் படித்தது அரசுப் பள்ளி என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரவேண்டும். ஆதாரில் ஒரு பெயர், வங்கியில் ஒரு பெயர் என்று தடைப்பட்டால் என்னிடம் வருவாள். நான் அலுவலகத்துக்கு அழைத்துப் போவேன். வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் கூப்பிட்டுச் சத்தமும் போடுவேன். இது வேலை. பிடித்துச் செய்கிற வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து மகள் அறைக் கதவைத் திறந்தால் அங்கே துணி காயப்போடுகிற ஸ்டாண்டு மட்டும் நிற்கிறது. அதற்கும் கல்லூரிக்கும் சம்பந்தமில்லை.

கே: இரண்டு பேருக்கு மட்டும் சமைக்கக் கையே எழும்பவில்லை. என்ன செய்வது?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

ப: சின்ன குக்கர் வாங்குங்கள். பெரிய பாத்திரங்களைப் பரணில் ஏற்றுங்கள். காலையில் எனக்கு முதல் பீரியட் இருக்கிற நாளில் தோசையும் பொடியும்தான். சொதி மட்டும் இரண்டு பேருக்கு வைக்க முடியாது. அன்றைக்குப் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து வைத்துவிடுவேன்.

கே: மகன் ஜெர்மனி போகிறான். என்னவெல்லாம் கொடுத்து அனுப்பலாம்?
– ஒரு வாசகி, தூத்துக்குடி

ப: இதில் நான் பட்டம் வாங்காத நிபுணர். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து போகிற பயணி இறைச்சி, பால் பொருள்கள் கொண்டுபோகக் கூடாது. ஆகவே ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை நீங்களே சாப்பிட்டுவிடுங்கள். நெய்யையும் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். மீனுக்கு அவர்களே விலக்கு வைத்திருக்கிறார்கள். சொந்த உபயோகத்துக்கு ஆளுக்கு 20 கிலோ வரை போகலாம். தூத்துக்குடிக்காரருக்கு இது நல்ல சேதி. ஆனால் கருவாட்டைச் சட்டம் விட்டாலும் மாடிக் குடியிருப்பில் பக்கத்து வீட்டுக்காரர் விடமாட்டார் என்று என் மகன் சொல்கிறான்.

பச்சைக் கறிவேப்பிலை வேண்டவே வேண்டாம். 2019 டிசம்பரிலிருந்து செடி, காய், கனி எதைக் கொண்டுபோனாலும் நோயில்லை என்ற சான்றிதழ் கேட்கிறார்கள். அன்னாசி, வாழைப்பழம், தேங்காய் என்று ஒரு சிலவற்றுக்குத்தான் விலக்கு. கறிவேப்பிலையில் பயம் நியாயமானது. அது எலுமிச்சை, நாரத்தைக் குடும்பத்தைச் சேர்ந்த செடி. எலுமிச்சை வகை மரங்களைக் காயவைக்கிற பசுமை நோய் ஒன்று உண்டு. அதைப் பரப்புகிற சின்னஞ்சிறு பூச்சிக்குக் கறிவேப்பிலைக் கொழுந்து என்றால் உயிர். ஒரு கொத்தில் முட்டை ஒட்டிப் போனாலே போதும், யாரோ ஒருவர் தோட்டம் போய்விடும். நிழலில் உலர்த்தி, வறுத்து, பொடியாக்கிக் கொடுங்கள். வாசம் கொஞ்சம் குறையும், பொறுத்துக்கொள்ளட்டும்.

கொப்பரை விமானத்திலேயே ஏறாது. எண்ணெய்ச் சத்து அதிகம், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சரக்கு என்ற கணக்கில் வைத்திருக்கிறார்கள். நார்த்தங்காய் ஊறுகாயைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில், நாலு கவர் சுற்றி வையுங்கள். சுற்றினாலும் ஒரு சட்டையில் எண்ணெய்க் கறை இருக்கும்.

கே: ஓய்வு பெற்றதும் மகனிடமே போய்விடுவீர்களா, மகளிடமா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

ப: எல்லோரும் இரண்டு வாய்ப்புதான் தருகிறார்கள். மூன்றாவது, சொந்த வீடு.

மகனிடம் போனாலும், ஜெர்மனிக்குச் சுற்றிப்பார்க்கப் போகிறவர்களுக்குத் தருகிற ஷெங்கன் விசாவில் 180 நாளில் 90 நாள்தான் இருக்கலாம். அதற்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். ஐதராபாத்தில் விசா கேட்கமாட்டார்கள். ஆனால் மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போன பிறகு பதினோராவது மாடியில் எனக்கு என்ன வேலை? 2003 ஏப்ரலுக்கு முன்னால் பணியில் சேர்ந்தவள், பழைய பென்ஷன் உண்டு. வீட்டுக்காரர் காலையில் நடக்கப் போகிறார், மத்தியானம் நாளிதழ்க் குறுக்கெழுத்தோடு சண்டை போடுகிறார். எங்களுக்கு இந்த ஊரே தோது.

துறையில் ஓர் ஹெர்பேரியம் இருக்கிறது. களக்காடு, பாபநாசம் மலைகளில் பல வருஷமாகப் பிள்ளைகள் பறித்து, செய்தித்தாளில் அழுத்திக் காயவைத்து ஒட்டிய செடிகள். பாதித் தாள்களில் பசை விட்டுவிட்டது, சிலவற்றில் பெயர்ச்சீட்டே காணோம். இப்போது வகுப்பும், கல்லூரிக்குத் தரமதிப்பீடு செய்கிற நாக் குழுவுக்கான வேலையும் போக அதைத் தொட நேரமில்லை. 60 முடிந்ததும் சம்பளமில்லாமல் வந்து அதைச் சரிசெய்கிறேனே என்று, அடுத்துத் துறைத் தலைவராக வரப்போகிறவளிடம் இப்போதே மனுப் போட்டிருக்கிறேன். அவள் என்னிடம் படித்தவள்தான். ‘பாத்துச் சொல்றேன் மேடம், கமிட்டியில வைக்கணும்’ என்கிறாள்.