தனியாக பேட்டிங் பழக எந்த பௌலிங் மெஷின்? கேட்டவர்களுக்கு என் பதில்

எங்கள் கிரிக்கெட் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு அப்பா, "மகனுக்கு பௌலிங் மெஷின் வாங்கலாமா?" என்று கேட்டார். ராத்திரிக்குள் ஏழெட்டுப் பேர் என்னையே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் கோச் இல்லை. கோலாலம்பூர் செந்தூலில் நாங்கள் பழகும் நெட்டில் (வலை கட்டிய பயிற்சி இடம்) மெஷின் மக்கர் பண்ணினால் மூடியைக் கழற்றுகிற ஆள் நான், அவ்வளவுதான். பகலில் லிஃப்ட் ரிப்பேர் வேலை, அதனால் மோட்டாரும் பேரிங்கும் கைக்குப் பழக்கம். தனித்தனியாகத் தட்டினால் விரல் தேய்ந்துவிடும் என்பதால் எல்லாருக்கும் இங்கேயே.

பத்து கேவ்ஸிலிருந்து ஒரு அப்பா: அண்ணே, பையனுக்கு 12 வயசு. 140 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் போடுற மெஷின் ஒண்ணு பார்த்திருக்கேன். அதையே வாங்கிட்டா பெரியவன் ஆகுற வரைக்கும் ஓடும்தானே?

ஓடும், ஆனால் அந்த 140-ஐ உங்கள் பையன் பல வருஷம் தொடப்போவதில்லை. கடைக்காரர் முதலில் சொல்வது வேகம்தான், நாமும் அதில்தான் மயங்குகிறோம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்டம்பிலிருந்து ஸ்டம்புக்கு 22 கெஜம், அதாவது 20.12 மீட்டர். பேட்ஸ்மேன் நிற்கும் இந்தப் பக்க கிரீஸ் கோட்டிலிருந்து அந்தப் பக்கக் கோட்டுக்கு 17.68 மீட்டர். 120 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து, காற்று இழுப்பதை விட்டுவிட்டால், அந்தத் தூரத்தை அரை விநாடிக்குச் சற்று மேலான நேரத்தில் கடந்துவிடும். இப்போது மெஷினை 12 மீட்டருக்குக் கொண்டுவந்து 80-ல் விடுங்கள். பையனுக்குக் கிடைப்பது அதே அரை விநாடிதான். பந்து எழும் உயரமும் வரும் கோணமும் கொஞ்சம் மாறும், ஆனால் கண்ணும் காலும் ஓட வேண்டிய ஓட்டம் ஒன்றுதான்.

அதனால் 100, 110 வரை போடுகிற, ஒரே இடத்தில் தவறாமல் போடுகிற மெஷின் போதும். மிச்சக் காசை, பந்தைத் தானாக ஒவ்வொன்றாகத் தள்ளிவிடும் ஃபீடரிலும் பந்திலும் போடுங்கள். ஸ்டாண்டின் உயரத்தையும் பாருங்கள். முழங்கால் உயரத்திலிருந்து பந்து புறப்பட்டால் சறுக்கிக்கொண்டுதான் வரும், எந்த பௌலரும் அப்படிப் போடுவதில்லை.

ஷா ஆலாமிலிருந்து, நைட் ஷிஃப்ட் முடிச்சுக் காலையில பழகுற ஒருவர்: கூட வர ஆளே இல்லை. ஒரே ஆளா மெஷினும் ஓட்டி பேட்டிங்கும் பண்ண முடியுமா லா?

ஃபீடர் இருந்தால் முடியும், இல்லாவிட்டால் முடியாது. பந்தை ஒவ்வொன்றாகக் கையால் போட வேண்டிய மெஷினை "பின்னால் ஃபீடர் வாங்கிக்கொள்ளலாம்" என்று வாங்கி, துணி மூடி ஸ்டோரில் வைத்திருப்பவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர்.

ஃபீடரில் முதலில் பார்க்க வேண்டியது, சுவிட்ச் போட்டதிலிருந்து முதல் பந்து வருவதற்குள் நீங்கள் நடந்து போய் ஸ்டம்புக்கு முன்னால் தயாராக நிற்க நேரம் இருக்கிறதா என்று. ரிமோட் இருந்தால் அந்தக் கவலை இல்லை. அடுத்தது, பந்து வருமுன் ஒரு விளக்கோ சத்தமோ எச்சரிக்க வேண்டும். இல்லாவிட்டால் தொடைப்பேடைச் சரி பண்ணக் குனியும்போதுதான் பந்து வரும். அனுபவம் பேசுகிறது.

கொள்ளளவும் முக்கியம். 24 பந்து கொள்ளும் ஃபீடர், 8 விநாடிக்கு ஒரு பந்து என்றால் ஒரு சுற்று மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். பொறுக்கி நிரப்ப நாலு நிமிடம். மணிக்கு எட்டு சுற்று, ஏறக்குறைய 190 பந்து. நைட் ஷிஃப்ட் முடித்த உடம்புக்கு அது தாராளம். 12 பந்து ஃபீடர் என்றால் ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை குனிய வேண்டும். மெஷின் பக்கம் தரை லேசாகச் சரிவாக இருந்தால் அடித்த பந்தெல்லாம் அங்கேயே உருண்டு சேரும். எங்கள் நெட்டில் பழைய லாட்டெக்ஸ் மெத்தை ஒன்றை மெஷினுக்கு இரண்டு பக்கமும் சாய்த்து வைத்திருக்கிறோம், பந்து அதில் மோதி செத்து விழும்.

பிறையிலிருந்து ஒரு தம்பி: கிளப்பில் பழைய லெதர் பந்து மூட்டையா கிடக்கு அண்ணே. அதையே போட்டா செலவு மிச்சம்தானே?

மிச்சம் இல்லை தம்பி, இரட்டைச் செலவு. இரண்டு சக்கரம் பந்தைக் கவ்விப் பிதுக்கித் தள்ளுவதுதான் இந்த மெஷினின் முழு வேலையும். லெதர் பந்தில் தையல் மேடாக இருக்கும், ஒரு பக்கம் தேய்ந்திருக்கும். தையல் எந்தத் திசையில் சக்கரத்தைத் தொடுகிறதோ அதன்படி ஒன்று கால் பக்கம் போகும், அடுத்தது ஆஃப் ஸ்டம்புக்கு ஒரு முழம் வெளியே. சக்கரத்தின் ரப்பரையும் தையல் அரம் போல அராவும். அதற்காகத்தான் குழி குழியாக இருக்கும் டிம்பிள் பந்து. இங்கிலாந்தின் போலா மாதிரி மெஷின்கள் அந்தப் பந்தைக் கணக்கு வைத்தே செய்யப்பட்டவை.

இன்னொன்று, ஈரம். நம் ஊரில் நாலு மணிக்கு மேகம் கறுத்தால் அஞ்சு மணிக்குக் கொட்டும். ஒருநாள் மழை விட்டதும் அவசரப்பட்டு, புல்லில் கிடந்த பந்துகளைத் துடைக்காமல் அப்படியே ஃபீடரில் கொட்டினேன். முதல் மூன்று பந்து ஒழுங்காகத்தான் விழுந்தது. நாலாவது சக்கரத்தில் வழுக்கி, தரையைத் தொடாமல் நேராகத் தலைக்கு வந்தது. ஹெல்மெட் கம்பியில் பட்டு 'டிங்' என்று ஒரு சத்தம், பிறகு என் காதுக்குள் கொஞ்ச நேரம் வேறு சத்தம். அன்றிலிருந்து ஃபீடர் பக்கத்தில் இரண்டு பழைய துண்டு எப்போதும் தொங்கும், ஒன்று பந்துக்கு, ஒன்று சக்கரத்துக்கு.

ரவாங்கிலிருந்து ஒருவர்: பேட்டரியா, கரண்டா?

திடலில் பிளக் கிடையாது, மழைக்கால ஈரத்தில் நீட்டு ஒயர் இழுப்பதும் வேண்டாத வேலை. 12 வோல்ட் பேட்டரியில் ஓடுவதாக வாங்குங்கள். சார்ஜ் குறைந்தால் வேகமும் குறையும். கடைசிச் சுற்றில் நீங்கள் திடீரென்று ஜோராக அடிக்கிறீர்கள் என்றால் பேட்டரியைப் பாருங்கள்.

பட்டர்வொர்த்திலிருந்து ஒருவர்: செகண்ட் ஹேண்ட் மெஷின் ஒண்ணு வருது. நேரில் போய் என்னத்தைப் பார்க்கணும்?

ஒரு குளியல் துண்டும் பத்து டிம்பிள் பந்தும் எடுத்துக்கொண்டு போங்கள்.

கரண்டைப் போடுவதற்கு முன்னால் சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுங்கள். சத்தமில்லாமல் சுற்றி மெதுவாக நிற்க வேண்டும். கரகர என்றால் பேரிங் போச்சு. அது மாற்றக்கூடிய சாமான்தான், விலையைக் குறைக்கக் காரணமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ரப்பரில் வெடிப்பு இருந்தாலோ, சக்கரம் பக்கவாட்டில் ஆடினாலோ பேச்சே வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றுகிற சக்கரம் அது. காற்றடிக்கும் டயர் என்றால் இரண்டிலும் காற்று ஒரே அளவா என்று பாருங்கள்.

பிறகு மெஷினை ஓடவிட்டு ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள். விற்பவர் பேச்சுக் கொடுப்பார், நீங்கள் சத்தத்தைக் கேளுங்கள். மோட்டார் சூடானபின் சத்தம் மாறக் கூடாது. அதன் பிறகு குட் லெங்த்தில், அதாவது நல்ல பௌலர் பந்தைக் குத்தும் இடத்தில், துண்டை விரித்து, ஒரே செட்டிங்கில் பத்துப் பந்து. குறைந்தது எட்டு பந்து துண்டில் விழ வேண்டும். ஆறு விழுந்தால் பேரம். அதற்கும் கீழே என்றால் டீ குடித்துவிட்டுக் கிளம்புங்கள். துண்டுப் பரிசோதனைக்கு மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள்.

சுபாங்கிலிருந்து ஒரு அக்கா: கொண்டோவில் கார் பார்க் ராத்திரி காலியாத்தான் கிடக்குது. அங்கே வெச்சுக்கலாமா?

வேண்டாம் அக்கா. மேனேஜ்மென்ட் விட்டாலும் கார் கண்ணாடி விடாது. காற்றுப்போன டென்னிஸ் பந்தைத் தூக்கிப்போடும் சின்ன பிளாஸ்டிக் மெஷின் என்றால் சரி, கை பழக அது போதும்.

செராஸிலிருந்து, காலேஜ் அணியில் ஆடுபவர்: ஸ்விங், ஸ்பின் எல்லாம் போடும்னு விளம்பரத்தில் இருக்கு. உண்மையா?

பாதி உண்மை. இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றினால் பந்து சுழலாமல் நேராகப் போகும். ஒன்றின் வேகத்தைக் குறைத்தால் பந்து சுழன்றுகொண்டே போகும், மெதுவாகச் சுற்றும் சக்கரத்தின் பக்கம் வளையும். மெஷின் தலையைச் சாய்த்துச் சாய்த்து அந்த வளைவை உள்ளேயோ வெளியேயோ திருப்புகிறோம். பிங்பாங்கில் டாப்ஸ்பின் பந்து மேசையில் குத்தி விழுகிறதே, அதே வித்தை. பௌலர் போடும் ஸ்விங் வேறு. அது தையலும் பளபளப்பும் காற்றோடு பண்ணுகிற வேலை, பெரும்பாலும் கடைசி நேரத்தில் திரும்பும். மெஷின் ஸ்விங் புறப்பட்ட இடத்திலிருந்தே சீராக வளைந்து வரும், பத்துப் பந்தில் கண் பழகிவிடும்.

2023 ஜூலையில் பாயுமாஸ் ஓவல் மைதானத்தில் நம்ம மலேசிய பௌலர் சியாஸ்ருல் இட்ருஸ் சீனாவுக்கு எதிராக 8 ரன் கொடுத்து 7 விக்கெட் எடுத்தாரே, ஏழும் போல்டு. அந்த மாதிரிப் பந்தை மெஷினில் பழகிவிடலாம் என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

ஸ்பின் இன்னும் மோசம். இரண்டு சக்கர மெஷின் கொடுக்கும் பக்கச் சுழற்சி காற்றில் நகர்வதில்தான் அதிகம் தெரியும், தரையில் விழுந்து திரும்புவது கொஞ்சம்தான். லெக்ஸ்பின்னரை ஆடப் பழக ஒரு லெக்ஸ்பின்னருக்கு ரொட்டி சானாய் வாங்கிக் கொடுப்பது மலிவு.

கிள்ளானிலிருந்து ஒருவர்: மெஷினில் கவர் டிரைவ் கிழி கிழின்னு கிழிக்கிறேன். மேட்ச்சில் 10 ரன் தாண்ட மாட்டேங்குது. மெஷின் கோளாறா, நானா?

இரண்டும் இல்லை. மெஷினுக்குக் கை கிடையாது, அதுதான் விஷயம். மேட்ச்சில் பௌலர் ஓடிவருவதையும் தோளையும் மணிக்கட்டையும் பார்த்துக்கொண்டே உங்கள் உடம்பு பாதி முடிவு எடுத்துவிடுகிறது. மெஷினில் ஒரு ஓட்டையிலிருந்து பந்து துப்பப்படுகிறது. எங்கே விழும் என்பதும் தெரியும். அதனால் பந்து புறப்படும் முன்பே முன்னங்கால் போய்விடுகிறது. அதே பழக்கத்தோடு மேட்ச்சுக்குப் போனால், ஷார்ட் பந்துக்கும் கால் முன்னால் போய் நிற்கிறது. இந்தக் குறையைத் தீர்க்கத்தான் திரையில் ஒரு பௌலர் ஓடிவரும் படத்தைக் காட்டி, அவர் கை வரும் இடத்து ஓட்டையிலிருந்து பந்து விடும் மெஷின்கள் வந்திருக்கின்றன. விலை நமக்கானது இல்லை.

மெஷினை ஒரே ஒரு ஷாட்டைச் செதுக்க வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குக் காலில் விழும் பந்து மட்டும், நாற்பது. நாளைக்கு பின்னங்காலில் நின்று தட்டும் பேக்ஃபுட் பஞ்ச். வாரத்தில் ஒருநாள் சைட்ஆர்ம். நீண்ட கைப்பிடி, நுனியில் பந்தைக் கவ்வும் கிண்ணம், இந்திய அணிப் பயிற்சியில்கூடப் பார்த்திருப்பீர்கள். அதற்கு ஒரு ஆள் வேண்டும், ஆனால் அந்த ஆளுக்குக் கை இருக்கும்.

மெஷினை மட்டமாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கணக்குப் பாடத்தில் வட்டம் வட்டமாக வரைவோமே வென் படம், அந்த ஜான் வென் கேம்பிரிட்ஜில் ஒரு பௌலிங் மெஷின் செய்தார். 1909-ல் வந்த ஆஸ்திரேலிய அணியின் நட்சத்திரம் ஒருவரை அது நாலு தடவை போல்டாக்கியதாம். முதல் தடவை பார்ப்பவனுக்கு மெஷின் பேய்தான்.

ஈப்போவிலிருந்து ஒருவர்: வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் வரி எவ்வளவு வரும்?

2024 ஜனவரியிலிருந்து, வெளிநாட்டிலிருந்து ஆன்லைனில் வாங்கும் 500 வெள்ளிக்கு (ரிங்கிட்) உட்பட்ட சாமானுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி. மெஷின் அதைத் தாண்டும், அப்போது கஸ்டம்ஸ் கணக்கு வேறு. அதைவிடக் கடிப்பது அனுப்பும் செலவு, பெட்டியின் எடையை மட்டுமல்லாமல் அளவையும் வைத்துக் கணக்குப் போடுவார்கள். பேட்டரியை அங்கிருந்து வாங்காதீர்கள், இங்கேயே கார் பேட்டரிக் கடையில் கேளுங்கள். மெஷினோடு ஒரு ஜோடி சக்கர ரப்பரையும் சேர்த்து ஆர்டர் பண்ணிவிடுங்கள், பிறகு அதற்காக ஒரு தனிப் பார்சல் வரவழைப்பது வயிற்றெரிச்சல்.

மறுபடி பத்து கேவ்ஸ் அப்பா: மெஷின் பந்து லெதர் மாதிரி கல்லா இல்லையே, ஹெல்மெட் வேணுமா?

வேண்டும். நாலாவது பந்துக் கதையை மறுபடி படியுங்கள். அப்புறம், பந்து சிக்கிக்கொண்டால் முதலில் சுவிட்ச், பிறகு ஒயரைப் பிடுங்குவது, சக்கரம் முழுசாக நின்றதா என்று கண்ணால் பார்ப்பது, அதன் பிறகுதான் கை. பையனுக்கு இதைச் சொல்லிக் கொடுக்காமல் தனியாக விடாதீர்கள். லிஃப்ட் வேலையில் விரல் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கெப்போங்கிலிருந்து ஒருவர்: வாங்குறதுக்கு முன்னாடி உங்க மெஷினில் ஒரு தடவை ஆடிப் பார்க்கலாமா அண்ணே?

வாங்க. ஞாயிறு காலை எட்டு மணி, மழை இல்லாவிட்டால். உங்கள் ஹெல்மெட் நீங்கள் கொண்டுவர வேண்டும். பந்து பொறுக்குவதும் நீங்கள்தான்.