லென்டிவைரஸ் ஆய்வு: மகளைத் தடுக்க வேண்டுமா?

வணக்கம் ஐயா. எம்.எஸ்சி. உயிரித்தொழில்நுட்பம் படிக்கும் உங்கள் மகளுக்குக் கிடைத்த ஆய்வுத் தலைப்பில் லென்டிவைரஸ் இருக்கிறது, அது எச்.ஐ.வி. வகையைச் சேர்ந்தது என்கிறார்கள், தலைப்பை மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்ற வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் ஆய்வகத்தைப் பற்றி விசாரித்துக்கொள்ள வேண்டும்.

செல்லுக்குள் ஒரு மரபணுவைக் கொண்டுசேர்க்க ஆய்வகத்தில் பயன்படும் லென்டிவைரஸ் துகள் எச்.ஐ.வி.யிலிருந்து உருவாக்கப்பட்டதுதான். ஆயினும் நோயுண்டாக்கத் தேவையான மரபணுக்கள் பலவும் நீக்கப்பட்டு, துகளைக் கட்டத் தேவையானவை மட்டும் தனித்தனிப் பிளாஸ்மிட்களில் (வட்ட வடிவ டி.என்.ஏ. துண்டுகளில்) பிரித்து வைக்கப்படுவதால், அது ஒரு செல்லுக்குள் நுழைந்து தன் சரக்கான மரபணுவை இறக்கிய பின் அங்கிருந்து பெருகிப் பரவாது. ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன்: சரக்கு செல்லின் டி.என்.ஏ.வில் நிலையாகச் சேர்ந்துவிடும் என்பதால், கையில் ஊசி குத்திக்கொள்வதை அங்கே யாரும் இலேசாக எடுத்துக்கொள்வதில்லை. எனவே இரண்டாம் நிலை உயிரியல் பாதுகாப்பு வசதி இருக்கிறதா, நிறுவனத்தின் உயிரியல் பாதுகாப்புக் குழு ஒப்புதல் அளித்திருக்கிறதா என்று உங்கள் மகளே வழிகாட்டியிடம் கேட்கட்டும். இதைக் கேட்டதற்கே முகம் சுளிக்கும் வழிகாட்டி என்றால், அப்போது மாறிக்கொள்ளலாம்.

உங்கள் மகள் எடுத்திருக்கும் மரபணு அரில்சல்ஃபடேஸ் ஏ என்னும் நொதிக்குரியது. இந்த நொதி குறைபட்டுப் பிறக்கும் குழந்தைகளின் நரம்பு மண்டலத்தில் சல்ஃபடைடு என்ற கொழுப்புப் பொருள் தேங்கி, நடையும் பேச்சும் படிப்படியாகப் போய்விடுகின்றன. அக்குழந்தைகளின் இரத்த ஸ்டெம் செல்களை வெளியே எடுத்து, லென்டிவைரஸ் மூலம் இதே மரபணுவைச் சேர்த்துத் திரும்பச் செலுத்தும் சிகிச்சைக்கு ஐரோப்பாவில் 2020-லும் அமெரிக்காவில் 2024-லும் அனுமதி கிடைத்தது. மகளின் ஆய்வில் நொதியின் முனையில் எட்டு அமினோ அமிலங்களாலான 'ஃபிளாக்' என்ற அடையாளத் துண்டு கூடுதலாக இருக்கும். அதை மட்டும் பற்றும் ஆன்டிபாடியைக் கொண்டு, செல் தானே செய்துகொண்ட நொதியையும் நாம் புகுத்தியதையும் பிரித்தறியலாம். புரதங்களை எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் அடையாளம் காணும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில், வைரஸ் கொடுத்த செல்களின் வரிசையில் இந்த நொதியின் எடையான 60 கிலோடால்டன் அளவில் பட்டை விழுந்து, கொடுக்காத வரிசையில் அதே இடம் வெறுமையாக இருந்தால் வேலை பலித்தது என்று பொருள்.

வேலைவாய்ப்பைப் பொறுத்தவரை, ஆயத்தத் துகள்களை விலைக்கு வாங்கிச் செல்களில் சேர்க்க மட்டும் தெரிந்தவர் நேர்காணலில் எடுபடமாட்டார். 293டி என்ற ஆய்வக மனிதச் செல்களில் துகள்களைத் தயாரித்து, 48 முதல் 72 மணி நேரத்தில் சேகரித்து, வீரியத்தை அளந்து, உருக்கி உறையவைக்கும் ஒவ்வொரு முறையும் வீரியம் குறையும் என்பதால் சிறு குழாய்களில் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வைப்பது வரை உங்கள் மகள் தம் கையால் செய்து பழக வேண்டும். இத்திறனுக்கு நம் நாட்டிலேயே தேவை உண்டு: 2023-ல் அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19 என்ற இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையும், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில், இரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபிலியா நோயாளிகளுக்கு நடந்த மரபணுச் சிகிச்சை ஆய்வும் லென்டிவைரஸை நம்பியவையே. பி.எச்டி. எண்ணம் இருந்தால், ஆய்வு முடியட்டும் என்று காத்திராமல் இப்போதே சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வுக்குப் படிக்கத் தொடங்கட்டும், அதில் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு.